வாளி, வெப்பமானி, கைப்பேசி: பாட்டியின் வாட்டர் ஹீட்டரைச் சோதித்த கதை

கேமரன் மலையில் காலை ஐந்தரை மணிக்குக் குளிப்பது எவ்வளவு சிரமம் என்பது அங்கே வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். கீழே ஈப்போவிலோ கிள்ளானிலோ இருப்பவர்கள் குளிருக்காக விடுமுறையில் மேலே வருகிறார்கள். எங்களுக்கு அந்தக் குளிர் விடுமுறை எடுப்பதே இல்லை. மலேசியாவில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி செல்சியஸ். 1978 பிப்ரவரி 1ஆம் தேதி அது பதிவானது கேமரன் மலையில்தான். அவ்வளவு குளிர் தினமும் வருவதில்லை. ஆனாலும் விடியற்காலையில் கூரை மேல் இருக்கும் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் எலும்பைத் தொடும்.

என் பாட்டிக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். முட்டியும் விரல் கணுக்களும் குளிரில் மரத்துப்போகும். முன்பெல்லாம் கவாத்து செய்த தேயிலை மிளாறை எரித்து அண்டாவில் தண்ணீர் காய வைத்தார்கள். பிறகு கேஸ் அடுப்பு வந்தது. கொதிக்கும் பானையைத் தூக்கிக்கொண்டு ஈரத் தரையில் பாட்டி நடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அம்மாவுக்குப் பயம். அதனால் போன வருடம் அம்மா மாதாமாதம் சேர்த்து வைத்த காசில், கீழே ஒரு பட்டணத்துக் கடையில், ஒரு உடனடி வாட்டர் ஹீட்டர் வாங்கினோம். பெட்டியில் 3.6 கிலோவாட் என்று போட்டிருந்தது. "இதுக்கு மேல வீட்டுக்குத் தேவையே இல்லக்கா, சுடச்சுட வரும்" என்றார் கடைக்காரர்.

சுடச்சுட வரவில்லை. ஷவரைத் திறந்தால் வெதுவெதுப்பாக வந்தது. பாட்டி இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் மறுபடியும் பானையை அடுப்பில் ஏற்றினார். "மிஷின நம்பி சளி பிடிச்சதுதான் மிச்சம்" என்றார்.

ஏமாற்றிவிட்டார்களோ என்றுதான் முதலில் நினைத்தேன். நான் இயந்திரவியல் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். செமஸ்டர் விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "நீ படிக்கிறியே, இது ரிப்பேரா இல்லையான்னு சொல்லேன்."

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய், ஐரோப்பாவின் அடுக்குமாடி வீடுகளில் சுவரில் தொங்கும் ஒரு பெட்டி வரைக்கும் போய்விட்டேன். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் சோதனை

எனக்குத் தேவைப்பட்டவை மூன்று: பத்து லிட்டர் வாளி, சமையலுக்குப் பயன்படுத்தும் வெப்பமானி, கைப்பேசியில் இருக்கும் நேரங்காட்டி. ஹீட்டரை நான் திறக்கவில்லை. மின்சாரப் பக்கம் கையே வைக்கவில்லை. நீங்களும் வைக்காதீர்கள். தண்ணீரை மட்டும் அளந்தேன்.

விடியற்காலை ஆறு மணிக்குக் குழாய்த் தண்ணீர் 17 டிகிரி. உடம்புக்கு இதமாக இருக்க 40 டிகிரி வேண்டும். ஹீட்டரை முழு அளவில் வைத்து, வெளியே வரும் தண்ணீர் 40 டிகிரிக்கு வரும்வரை வால்வை மெதுவாக அடைத்துக்கொண்டே வந்தேன். பிறகு வாளியை வைத்து நேரத்தைப் பார்த்தேன். பத்து லிட்டர் நிரம்ப 4 நிமிடம் 50 விநாடி ஆனது. நிமிடத்துக்கு இரண்டு லிட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஷவரில் அது தூறல் மாதிரி விழுந்தது.

இப்போது படிவம் 4 இயற்பியலுக்கு வாருங்கள். வெப்பம் என்ற அத்தியாயத்தில் ஒரு சூத்திரம் படித்திருப்பீர்கள். தேவைப்படும் வெப்பம் என்பது பொருளின் நிறை, அதன் தன்வெப்ப ஏற்புத் திறன், வெப்பநிலை உயர்வு ஆகிய மூன்றின் பெருக்கல். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 4.19 கிலோஜூல் வேண்டும். பத்து லிட்டரை 17இலிருந்து 40க்குக் கொண்டுபோக, அதாவது 23 டிகிரி உயர்த்த, சுமார் 963 கிலோஜூல். 3.6 கிலோவாட் என்றால் விநாடிக்கு 3.6 கிலோஜூல். வகுத்துப் பாருங்கள். 267 விநாடி வரும். அதாவது 4 நிமிடம் 27 விநாடி.

இதே ஹீட்டரைக் கடலோரப் பட்டணத்தில் ஒரு வீட்டில் மாட்டுங்கள். அங்கே குழாய்த் தண்ணீரே 28 டிகிரி இருக்கும். 40க்குப் போக 12 டிகிரி ஏற்றினால் போதும். பத்து லிட்டர் 2 நிமிடம் 20 விநாடியில் நிரம்பிவிடும். ஒரே கருவிதான், ஒரே கிலோவாட்தான். கீழே நல்ல ஷவர், மேலே தூறல்.

ஆக, ஹீட்டர் பழுதாகவில்லை. கடைக்காரரும் தெரிந்து பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது அவருடைய ஊர்த் தண்ணீருக்குச் சரி.

ஆனால் ஒரு சின்ன இடிப்பு இருந்தது. கணக்கு 4 நிமிடம் 27 விநாடி என்கிறது. என் கையில் இருப்பது 4 நிமிடம் 50 விநாடி. மூன்று நாள் திரும்பத் திரும்ப அளந்தேன். அந்த இருபத்து சொச்சம் விநாடி போகவே இல்லை. கடைசியில் பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். 3.6 கிலோவாட் என்பது 240 வோல்ட்டில் என்று சிறிய எழுத்தில் இருந்தது. நம் நாட்டில் வீட்டு மின்சாரத்தின் பெயரளவு மின்னழுத்தம் 230 வோல்ட். சூடேற்றும் கம்பியின் திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். 230ஐ 240ஆல் வகுத்து இருமடி எடுத்தால் 0.92 வரும். 3.6 கிலோவாட் 3.3 ஆகிறது. அதை வைத்துக் கணக்குப் போட்டால் 4 நிமிடம் 51 விநாடி. என் அளவுக்கும் கணக்குக்கும் ஒரு விநாடிதான் வித்தியாசம். அந்த ஒரு விநாடிப் பொருத்தத்தில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு. சமையல் வெப்பமானி அவ்வளவு நுட்பமானது இல்லை. ஆனால் காரணம் கிடைத்துவிட்டது.

பெட்டியில் இருந்த எண் பொய் இல்லை. ஆனால் எந்தத் தண்ணீரில், எந்த மின்னழுத்தத்தில் என்ற கேள்வியை நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்ல அந்தக் கடையில் யாருக்கும் வழி இல்லை.

முத்திரை எதைச் சொல்கிறது?

"சிரிம் முத்திரை இருந்துச்சே!" என்றார் அம்மா. இருந்தது. அது மிக முக்கியமானதும்கூட. தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடத்தில் மனிதருக்கு ஷாக் அடிக்காமல் இருக்க வேண்டும் என்பதே முதல் கவலை. வாட்டர் ஹீட்டர் போன்ற மின்கருவிகளுக்கு எரிசக்தி ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும் என்பதும், சிரிம் சோதனை என்பதும் பாதுகாப்புக்காக. அந்த முத்திரை இல்லாத ஹீட்டரை மலிவு என்று வாங்கவே கூடாது.

ஆனால், "பாதுகாப்பானதா?" என்பது ஒரு கேள்வி. "என் வீட்டில் நன்றாக வேலை செய்யுமா?" என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலை இரண்டாவது கேள்விக்கும் பதிலாக நாங்கள் எடுத்துக்கொண்டோம். குளிர்சாதனப் பெட்டி, ஏர்கோன், தொலைக்காட்சி, மின்விசிறி இவற்றில் நட்சத்திர வில்லை பார்த்திருப்பீர்கள். அது இரண்டாவது கேள்விக்குப் பக்கத்தில் வரும் முயற்சி. ஒரே முறையில் எல்லாவற்றையும் சோதித்து, எது குறைந்த மின்சாரத்தில் அதிக வேலை செய்கிறது என்று ஒப்பிட்டுச் சொல்கிறது. இந்தியாவில் தண்ணீரைச் சேமித்துச் சூடாக்கும் கீசர்களுக்கும் இப்படி நட்சத்திரம் உண்டு. சும்மா நிற்கும்போது ஒரு நாளில் அது எவ்வளவு வெப்பத்தை வீணாக்குகிறது என்பதுதான் அங்கே அளவுகோல்.

குளிர்நாடுகளில் இந்தக் கேள்வி இன்னும் பெரிது. அமெரிக்காவின் அரசுச் சோதனை முறையில் வாட்டர் ஹீட்டருக்குள் போகும் தண்ணீர் 58 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இருக்க வேண்டும். நம் கணக்கில் 14 டிகிரி செல்சியஸைச் சற்றுத் தாண்டும். அதாவது எங்கள் ஊர்க் குழாயைவிடக் குளிர்ந்த தண்ணீர். அந்த எண்ணைப் படித்தபோது கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

ஊருக்கே ஒரே அடுப்பு

இதைத் தேடிக்கொண்டிருந்தபோது, எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஞாபகத்துக்கு வந்தது. கொழுந்தை வாட்டுவதற்கும், நொதித்த தூளை உலர்த்துவதற்கும் அங்கே சூடான காற்று வேண்டும். அதனால் உலை எரியும். கொஞ்சம் கீழே லயத்து வீடுகளில் ஆளுக்கொரு பானை காயும். ஒரே இடத்தில் பெரிய வெப்பம். பக்கத்திலேயே அதே வெப்பத்துக்கு ஏங்கும் முப்பது நாற்பது வீடுகள். குழாய் போட்டுக் கொடுத்தால் என்ன என்று சின்ன வயதில் தாத்தாவிடம் கேட்டிருக்கிறேன்.

ஐரோப்பாவில் அப்படித்தான் செய்கிறார்கள். ஓர் இடத்தில் தண்ணீரைச் சூடாக்கி, வெப்பம் போகாதபடி உறை போட்ட குழாய்களில் தெருத்தெருவாக, மாடி மாடியாக அனுப்புகிறார்கள். வீட்டில் வெப்பத்தை எடுத்துக்கொண்ட பிறகு அந்தத் தண்ணீர் மறுபடியும் நிலையத்துக்குத் திரும்பும். மாவட்ட வெப்ப வலையமைப்பு என்று இதைச் சொல்லலாம். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் லாக்போர்ட் நகரில் பேர்ட்சில் ஹோலி என்பவர் 1877இல் நீராவியைக் குழாயில் அனுப்பி இதை வணிகமாக நடத்திக் காட்டினார். லண்டனில் 1950இல் தொடங்கிய பிம்லிக்கோ திட்டம், தேம்ஸ் ஆற்றின் மறுகரையில் இருந்த பேட்டர்சி மின்நிலையத்தின் கழிவு வெப்பத்தை ஆற்றுக்கு அடியில் கொண்டுவந்து வீடுகளுக்குக் கொடுத்தது. இன்று டென்மார்க்கில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் இப்படித்தான் சூடாகின்றன.

எங்கள் லயத்துக்கு அது பொருந்துமா? கணக்குப் போட்டால் சந்தேகம்தான். டென்மார்க்கில் குளிர்காலம் முழுக்க வீட்டையே சூடாக்க வேண்டும். எங்களுக்கு வேண்டியது காலையிலும் மாலையிலும் குளிக்கத் தண்ணீர் மட்டும். ஒரு மணி நேரத் தேவைக்காக இருபத்து நான்கு மணி நேரமும் குழாய் சூடாக இருந்தால், வீட்டுக்குள் வருவதைவிட மண்ணுக்குள் போகும் வெப்பம் அதிகமாகிவிடும். இதைச் சொன்னபோது, அப்போது விட்ட கேள்விக்குப் பதிலைக் கேட்கத் தாத்தா இல்லையே என்றுதான் தோன்றியது.

ஆனால் அந்த வலையமைப்பில் ஒரு பாகம் என் ஹீட்டர் பிரச்சினைக்கு நேராகப் பதில் சொன்னது. அதுதான் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் தொங்கும் பெட்டி.

சுவரில் தொங்கும் பெட்டி

ஊர்க் குழாயில் வரும் சூட்டுத் தண்ணீரைப் பெரும்பாலும் நேராகக் குளிக்க எடுப்பதில்லை. வீட்டில் இருக்கும் பெட்டிக்குள் மெல்லிய உலோகத் தகடுகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஒரு பக்கம் ஊர்த் தண்ணீர் ஓடும், மறு பக்கம் வீட்டுத் தண்ணீர் ஓடும். இரண்டும் கலக்காமல் வெப்பம் மட்டும் கைமாறும். கூடவே வால்வுகளும் கட்டுப்பாட்டுக் கருவியும் இருக்கும். ஆங்கிலத்தில் இதன் பெயரைச் சுருக்கி எச்ஐயூ என்கிறார்கள். நாம் வெப்பப் பெட்டி என்றே வைத்துக்கொள்வோம்.

பெட்டி நன்றாக வேலை செய்கிறதா என்பதை எப்படிச் சொல்வது? வீட்டுக்காரருக்குத் தெரிவது ஒன்று: குழாயைத் திறந்தால் சூடாக வருகிறதா? ஆனால் அவருக்குத் தெரியாமல் இன்னொன்று நடக்கிறது. அது திரும்பிப் போகும் தண்ணீரின் சூடு.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இப்படிச் சொன்னால் புரியும். தண்ணீரை லாரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். வெப்பம்தான் அதில் ஏற்றிய மூட்டை. லாரி வீட்டு வாசலுக்கு வந்து மூட்டையை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்ப வேண்டும். மோசமான பெட்டி என்றால் பாதி மூட்டையை இறக்காமலே லாரியைத் திருப்பி அனுப்பும். அதே சரக்கை இறக்க அதிக லாரிகள் ஓட வேண்டிவரும். ஊர்த் தண்ணீர் 70 டிகிரியில் வந்து 30 டிகிரியில் திரும்பினால் ஒவ்வொரு லிட்டரும் 40 டிகிரி வெப்பத்தை இறக்குகிறது. 55 டிகிரியில் திரும்பினால் 15 டிகிரிதான். அதே வெப்பத்துக்கு 2.7 மடங்கு தண்ணீர் ஓட வேண்டும். பம்பு அதிகம் உழைக்கும், திரும்பும் குழாயிலும் வெப்பம் வீணாகும். இந்தச் செலவு கடைசியில் எல்லா வீட்டுப் பில்லிலும் வந்து சேரும். குளியலறையில் சூடாக வருகிறதே என்று எல்லாரும் திருப்தியாக இருக்கும்போதே இது நடக்கும்.

பிரிட்டனில் இந்தச் சிக்கல் பெரிதாக எழுந்தது. புதிய அடுக்குமாடிகளில் வெப்ப வலையமைப்புகள் பெருகின. பல நிறுவனங்களின் பெட்டிகள் சந்தைக்கு வந்தன. ஒவ்வொருவரின் விளம்பரத் தாளிலும் ஒரு பெரிய கிலோவாட் எண். ஆனால் பிரிட்டிஷ் வீடுகளின் பயன்பாட்டுக்கு ஏற்ப எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்க்கும் முறை இருக்கவில்லை. சுவீடனில் இருந்தது. அங்கே போரோஸ் நகரில் உள்ள எஸ்பி தொழில்நுட்ப ஆய்வு நிலையம் இத்தகைய பெட்டிகளை வெகுநாளாகச் சோதித்து வந்தது. இப்போது அது ரைஸ் என்ற அமைப்பின் பகுதி. பிரிட்டிஷ் அரசின் நிதியுதவியோடு, சுவீடனின் முறையை எடுத்துப் பிரிட்டிஷ் அடுக்குமாடி வீடுகளின் பழக்கத்துக்கு ஏற்பத் திருத்தி ஒரு சோதனை முறையை உருவாக்கினார்கள். 2016 வாக்கில் அது நடைமுறைக்கு வந்தது. பேசா எனப்படும் கட்டடப் பொறியியல் சேவைகள் சங்கம் அதை நடத்துகிறது.

பெட்டிக்கு என்னென்ன தேர்வு?

சோதனையைப் படித்தபோது எனக்குப் பிடித்தது, அது பெட்டியை ஓர் உண்மையான வீட்டில் இருப்பது போலவே படுத்தி எடுப்பதுதான்.

ஊர்த் தண்ணீரை 70 டிகிரியில் ஒரு தடவை, 60 டிகிரியில் ஒரு தடவை கொடுத்துப் பார்க்கிறார்கள். வீட்டைச் சூடாக்கும் வேலையை 1, 2, 4 கிலோவாட் என்ற சிறிய அளவுகளில் சோதிக்கிறார்கள். ஏனென்றால் பெரும்பாலான நேரம் வீட்டுக்குத் தேவைப்படுவது அவ்வளவுதான். விளம்பரத் தாளில் இருக்கும் பெரிய எண் எப்போதாவதுதான் தேவைப்படும். குழாயைத் திறப்பது, கொஞ்சம் அடைப்பது, மறுபடி முழுதாகத் திறப்பது என்று மாற்றி மாற்றிச் செய்து, தண்ணீரின் சூடு நிலையாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். 65 டிகிரிக்கு மேல் போய் நின்றால் தோல்வி, ஏனென்றால் குழந்தையின் தோல் வெந்துவிடும். குழாயைத் திறந்ததும் 45 டிகிரி வர எத்தனை விநாடி ஆகிறது என்றும் அளக்கிறார்கள். யாரும் தண்ணீரே திறக்காத எட்டு மணி நேரத்தில் பெட்டி தன்னைச் சூடாக வைத்துக்கொள்ள எவ்வளவு வெப்பத்தை விழுங்குகிறது என்பதும் கணக்கில் வரும். வீடு தூங்கும்போதும் பெட்டி தூங்குவதில்லை அல்லவா?

கடைசியில் இவை எல்லாவற்றையும் சேர்த்து ஓர் எண் கிடைக்கிறது. ஒரு வருடம் முழுக்க அந்தப் பெட்டியிலிருந்து திரும்பும் தண்ணீரின் சராசரி சூடு. சாதாரணச் சராசரி இல்லை. எந்த வேலையின்போது அதிகத் தண்ணீர் ஓடுகிறதோ அந்த வேலைக்கு அதிக எடை. பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களுக்கு இது பழகிய கணக்குதான். சிஜிபிஏவில் நான்கு கிரெடிட் பாடத்தின் மதிப்பெண், இரண்டு கிரெடிட் பாடத்தைவிட அதிகமாகப் பாதிக்கும் அல்லவா? அதே முறை. எண் குறைவாக இருந்தால் பெட்டி நல்லது.

தேர்ச்சி பெற்ற பெட்டிகளின் முடிவுகளை எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுகிறார்கள். கட்டடம் கட்டுபவர் எண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்.

இங்கே உங்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். எனக்கும் வந்தது. சோதனைச் செலவைக் கட்டுவது பெட்டி தயாரிப்பவர்தானே, காசு கொடுப்பவருக்குச் சாதகமாக எழுத மாட்டார்களா? யோசித்துப் பாருங்கள். முவெட் தேர்வுக்குக் கட்டணம் கட்டுவது நாம்தான். அதற்காகப் பேண்ட் 5 வேண்டும் என்று கேட்டு வாங்க முடியுமா? எழுத்துத் தேர்வில் வினாத்தாள் எல்லாருக்கும் ஒன்று, திருத்துபவருக்கு நம் முகம் தெரியாது, முடிவை மறைக்க முடியாது. காசு யார் கையிலிருந்து வந்தாலும் இந்த மூன்றும் இருந்தால் தேர்வு தேர்வாக இருக்கும்.

சோதனைக்கும் எல்லை உண்டு. ஆய்வகத்தில் நல்ல பெயர் வாங்கிய பெட்டியை வீட்டில் தப்பாக மாட்டினால், வால்வைத் தப்பாக அமைத்தால், பலன் இல்லை. தேர்வுக்கு மட்டும் நன்றாக நடந்துகொள்ளும் கருவியும் உண்டு. 2015இல் வோல்க்ஸ்வாகன் நிறுவனத்தின் டீசல் கார்கள் மாட்டிக்கொண்டது ஞாபகம் இருக்கலாம். சோதனை நடப்பதைக் கண்டுபிடித்து, அப்போது மட்டும் புகையைக் குறைக்கும் மென்பொருள் அந்தக் கார்களில் இருந்தது. உலகம் முழுக்க ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் கார்கள். அது வெளிவந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகக் குழு கார்களை ஆய்வகத்துக்கு வெளியே, உண்மையான சாலையில் ஓட்டி அளந்ததுதான்.

நம் நாட்டிலும் இந்தக் குழாய் உண்டு

வெப்ப வலையமைப்பு நமக்குத் தூரம் என்று நினைக்க வேண்டாம். அதன் தம்பி நம் வீட்டிலேயே இருக்கிறான். புத்ராஜெயாவின் அரசாங்கக் கட்டடங்களுக்கும், கேஎல்சிசி வட்டாரத்துக்கும், கேஎல்ஐஏ விமான நிலையத்துக்கும் குளிர் வருவது இதே முறையில்தான். ஒரு நிலையத்தில் தண்ணீரைக் குளிர்வித்துக் குழாயில் அனுப்புகிறார்கள். கட்டடத்துக்குள் ஒரு வெப்பப் பரிமாற்றி அந்தக் குளிரை வாங்கிக்கொள்கிறது. அங்கே மூட்டை தலைகீழ். குளிர்ந்த தண்ணீர் போதிய அளவு சூடேறாமல் திரும்பினால் லாரி பாதிச் சரக்கோடு திரும்பியதாக அர்த்தம். பம்பு உழைப்பு வீண். எரிசக்திப் பொறியியல் படிக்க நினைக்கும் தம்பி தங்கைகள் இந்தத் துறையைக் கொஞ்சம் கவனித்து வையுங்கள்.

லயத்தில் நான் எழுதாமல் விட நினைத்த எண்

பாட்டியின் ஹீட்டரைச் சோதித்த செய்தி லயத்தில் பரவியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டுக்கும் வரச் சொன்னார்கள். நான்கு வீடுகளில் அளந்தேன். எல்லா வீட்டிலும் அதே வாளி, அதே வெப்பமானி, அதே காலை நேரம், அதே 40 டிகிரி. முடிவுகளை ஒரு நோட்டில் எழுதினேன்.

மூன்று வீட்டு முடிவுகள் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. நான்காவது வீடு, எங்கள் வரிசையில் எல்லாருக்கும் ஹீட்டர் மாட்டிக் கொடுக்கும் மாமாவுடையது. சின்ன வயதிலிருந்து அவர் வீட்டில் எத்தனையோ முறை பசியாறியிருக்கிறேன். எல்லாவற்றையும்விட விலை உயர்ந்தது அவருடைய ஹீட்டர்தான். அதையே மற்றவர்களுக்கும் பரிந்துரைத்துக் கொண்டிருந்தார். என் நோட்டில் அதுதான் கடைசி. பத்து லிட்டருக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல்.

அந்த எண்ணை எழுதாமல் விட்டுவிடலாமா என்று உண்மையாகவே யோசித்தேன். "என் பொழப்புல மண்ணைப் போடாத பாப்பா" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னபோது அதில் பாதி சிரிப்பு இல்லை. சுதந்திரமான சோதனை என்று அவ்வளவு படித்தவளுக்கு, அது எவ்வளவு கடினம் என்பது அன்றுதான் புரிந்தது. சோதிப்பவர் விற்பவரின் உறவாக இருக்கக் கூடாது என்று விதி வைத்திருப்பது, உறவினர் எல்லாரும் பொய் சொல்வார்கள் என்பதற்காக இல்லை. நல்ல மனிதருக்கும் கை நடுங்கும் என்பதற்காக.

கடைசியில் எழுதினேன். எழுதிய பிறகு மாமாவைக் கூட்டிப்போய், அவரே வாளியைப் பிடிக்க, நான் நேரம் பார்க்க, இன்னொரு முறை அளந்தோம். அதே எண்தான் வந்தது. அவர் கொஞ்ச நேரம் ஹீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "தண்ணி வர்ற வடிகட்டியைத் தொறந்து ரொம்ப நாளாச்சு" என்றார். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, தண்ணீரை நிறுத்தி, கழற்றிச் சுத்தம் செய்தார். மறுநாள் அளந்தபோது தண்ணீர் சீராக வந்தது, ஆனால் நேரம் அவ்வளவாகக் குறையவில்லை. "அப்ப விலைக்கும் சூட்டுக்கும் சம்பந்தம் இல்லன்னு எழுதிக்க" என்றார். எழுதிக்கொண்டேன். இப்போது யாராவது ஹீட்டர் வாங்கக் கேட்டால் அவர் முதலில் கேட்கும் கேள்வி, "எத்தனை கிலோவாட், எத்தனை வோல்ட்டுல?"

நீங்களும் அளந்து பாருங்கள்

பாட்டிக்கு என்ன ஆனது என்று சொல்ல வேண்டுமே. புது ஹீட்டர் வாங்கக் காசு இல்லை. ஆனால் அளவு கையில் இருந்தது. ஷவரைக் கழற்றிவிட்டு, 40 டிகிரி வரும் இடத்தில் வால்வில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டேன். பாட்டி எழுந்ததும் அந்தக் கோடு வரை திறந்து வாளியை வைக்கிறார். ஐந்து நிமிடத்தில் வாளி நிரம்பிவிடும். அதற்குள் விளக்கேற்றிவிட்டு வந்துவிடுகிறார். வாழ்நாள் முழுக்கச் செம்பில் மொண்டு குளித்தவருக்கு ஷவர் ஒரு பொருட்டே இல்லை. கொதிக்கும் பானை இப்போது ஈரத் தரையைக் கடப்பதில்லை. அம்மா கேட்ட கேள்விக்கு என் பதில் அதுதான்.

பள்ளியில் அறிவியல் செயல்திட்டம் தேடிக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கு ஒரு யோசனை. உங்கள் வட்டாரத்தில் குழாய்த் தண்ணீரின் வெப்பநிலையைக் காலை, மதியம், இரவு என ஒரு மாதம் அளந்து எழுதுங்கள். தானா ராத்தாவில் இருப்பவரும் தெலுக் இந்தானில் இருப்பவரும் அந்த எண்களை ஒப்பிடுங்கள். பிறகு ஹீட்டர் பெட்டியில் இருக்கும் கிலோவாட்டையும் வோல்ட்டையும் வைத்துக் கணக்குப் போடுங்கள். முதலில் முறையை எழுதுங்கள், பிறகு அளங்கள். எல்லாருக்கும் ஒரே முறையைப் பயன்படுத்துங்கள். பிடிக்காத எண்ணையும் எழுதுங்கள். ஹீட்டரின் மூடியை மட்டும் திறக்காதீர்கள், அது பயிற்சி பெற்றவரின் வேலை.

கடையில் அடுத்த முறை ஏதாவது கருவி வாங்கும்போது, பெட்டியில் இருக்கும் எண்ணைப் பார்த்ததும் இரண்டு கேள்விகள் கேட்டுப் பழகுங்கள். இதை யார் அளந்தார்கள்? எந்த ஊர்த் தண்ணீரில் அளந்தார்கள்?